சிடியின் எழுத்துப் பக்கம்

சென்ற மாதம், ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்தும் உங்கள் அறைக்கு வந்து சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒரு பெண், நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய சிடியை எடுத்து, பளபளக்கும் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் திருப்தியோடு உறையில் போட்டார். மேல்பக்கத்தை, அதாவது எழுத்து இருக்கும் பக்கத்தை, அவர் பார்க்கவேயில்லை. அவரிடம் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆறு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஓர் அனுபவத்தை எழுதித் தாருங்களேன் என்று நீங்கள் கேட்டபோது, பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் பச்சையம்மாவின் முகம்தான் வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில், எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தும் அறை என் பொறுப்பில் இருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி பிலிம் குறைந்து சிடி வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பிரதி எடுப்போம். ஒன்று அவர்கள் கையில், இன்னொன்று எங்கள் அலமாரியில். எங்கள் ஊர்க் கடல்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகப் போட்ட ஜன்னல் கம்பி இரண்டு மழைக்குள் துருவேறிவிடும். அந்தக் காற்றில் இந்த மெல்லிய தட்டுகளை எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது.

பருத்திக் கையுறை போடாமல் யாரையும் அலமாரியைத் தொட விடமாட்டேன். சிடியை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். மேசைமேல் வெறுமனே வைத்துவிட்டால் சண்டைக்குப் போவேன். ஒரு கைரேகை தெரிந்தால் அது யாருடையது என்று விசாரிக்காமல் விடமாட்டேன். எங்கள் பிரிவின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ஜெரோம் என் வயதுக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பதற்றம் வந்தால் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுப்பார். நான் பெற்ற பிள்ளைகளைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டேன் என்று அவர் கேலி செய்வார். எனக்கு அது பெருமையாக இருக்கும். என் அலமாரியிலிருந்து எதை உருவினாலும் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று திருப்பிச் சொல்வேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் மருத்துவமனையில் பதிவெண் முறை மாறியது. உறையின் மேல் புது எண்ணை எழுதினால் போதும் என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது. எனக்கு அது போதவில்லை. உறையில் ஓர் எண், உள்ளே சிடிமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வேறோர் எண் என்றால், என்றைக்காவது யாராவது குழம்பி ஒருவர் படத்தை இன்னொருவருக்கு எடுத்துக்கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அதோடு, ஈரக்காற்றில் பல ஸ்டிக்கர்களின் ஓரம் சுருண்டு நின்றது. பார்க்கவே பிடிக்கவில்லை. யாரும் சொல்லாமல் நானே ஒரு வேலையைத் தொடங்கினேன். மதியம் கூட்டம் குறைந்ததும் தினமும் ஒரு வரிசை. வெள்ளைத் துணியை விரித்து, பளபளக்கும் பக்கம் கீழே இருக்கும்படி சிடியை வைத்து, பழைய ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி உரிப்பேன். வராததை பிளேடால் மெல்லச் சுரண்டுவேன். புதிய சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, அடிப்பக்கத்தில் தூசி படக்கூடாது என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டுவிடுவேன். மூன்று வாரத்தில் மூன்று அலமாரி முடித்தேன்.

உரித்த ஸ்டிக்கர்களில் சிலவற்றின் பின்பக்கம் வெள்ளி நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர் தாளின் மினுக்கு என்று நினைத்துக்கொண்டு குப்பைக்கூடையில் போட்டேன். உரித்த இடம் வெளுத்துத் தெரிந்ததையும் பசையின் தடம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் கண்ணில் படாமல் நடந்த தவறு இல்லை இது. பட்டது. ஜெரோம் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த வேலை முடிந்த சில வாரத்தில் வந்த பச்சையம்மா கனகசெட்டிக்குளத்துக்காரர். மீன் விற்பவர், ஐம்பதை ஒட்டிய வயது. இருமல் நிற்கவில்லை என்று வந்தவருக்கு ஸ்கேன் எடுத்தபோது வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை என்று முடிவாகி, வார்டில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பிரிவில் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அன்று காலை பத்து மணி சுமாருக்கு அவர் என் அறைக்கு வந்தார்.

பச்சையம்மா இரண்டு வருடம் முன்பு மீன் டெம்போவிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்தபோது எங்களிடமே ஸ்கேன் எடுத்திருந்தார். டாக்டர் அதைப் பழைய பதிவுகளில் தேடிக் கண்டுபிடித்திருந்தார். அப்போது அச்சடித்த பிலிமில் எலும்புப் படங்கள் மட்டும்தான். அறிக்கையும் விலா எலும்பைப் பற்றித்தான் பேசியது. சிடியில் நுரையீரலும் முழுதாக இருக்கும். அந்தக் கட்டி அப்போதே இதே அளவில் இருந்திருந்தால், என்றைக்கோ வந்து ஆறிய காசநோயின் தழும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கத்தி வைக்காமல் கண்காணித்தால் போதும் என்று டாக்டர் விளக்கினார். அப்போது இல்லாமல் இப்போது புதிதாக முளைத்திருந்தால் தாமதிக்கவே கூடாது, நாளைக்கே எடுத்தாக வேண்டும். அறுவை செய்யும் டாக்டரிடம் இதைச் சொல்லி, மாலை ஐந்து மணிவரை நேரம் கேட்டு வாங்கியிருந்தார்.

இதோ ஒரு நிமிடம் என்று எழுந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உறையோடு எடுத்து ஜெரோமிடம் நீட்டினேன். அந்த வேகத்தை டாக்டர் கவனித்திருப்பார் என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

ஜெரோம் கம்ப்யூட்டரில் போட்டார். சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. உள்ளே சிடியே இல்லை என்று திரை சொன்னது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். அங்கேயும் அதே பதில். பழைய சிடி, தானாகவே கெட்டுப்போயிருக்கும் என்றார். டாக்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். என் கையில் கொடுத்து, அதே மாதிரி தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

தூக்கினேன். எதிர்க் கட்டடத்து மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி அந்தச் சிடியின் வழியாக எனக்குத் தெரிந்தது. நான் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைச் சுற்றி, பழைய ஸ்டிக்கரின் நீளத்துக்கும் அகலத்துக்கும், வெள்ளி இல்லை. கண்ணாடித் துண்டு மாதிரி வெறும் பிளாஸ்டிக்.

ஜெரோம் எட்டிப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் என்னவோ சொன்னார். பிறகு தமிழில் சொன்னார்: "எழுத்து இருக்கிற பக்கத்துலதான் வசந்தா அந்த வெள்ளி இருக்கு. படம் எல்லாம் அதுலதான். அதுக்கு மேல ஒரு வார்னிஷ், அவ்வளவுதான். கீழ இருக்கிறது வெறும் பிளாஸ்டிக், நல்லா தடிமனா இருக்கும்."

ஆறு வருடம் கையுறை போட்டு நான் காப்பாற்றியது அந்தத் தடித்த பிளாஸ்டிக்கை. உயிர் இருந்த பக்கத்தை பிளேடால் சுரண்டியிருக்கிறேன். ஜெரோம் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை.

எனக்கு அப்போது ஒரு வழி திறந்திருந்தது. பழசு, தானாகக் கெட்டிருக்கும் என்று ஜெரோம் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டாக்டர் ஸ்டிக்கர் விஷயம் அறியமாட்டார். ஜெரோம் ஊகித்தாலும் காட்டிக்கொடுக்கமாட்டார். முதலியார்பேட்டையில் வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் கல்லூரி எல்லாம் கண்ணுக்குள் வந்துபோனது. பொய் சொல்லக்கூடாது என்ற நல்ல எண்ணத்தால் நான் பேசினேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று அலமாரிதான் என்னைப் பேச வைத்தது. தானாகக் கெட்டது என்றால் ஒரு சிடியோடு விஷயம் முடிந்துவிடும். மற்றவற்றை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். இன்னொரு பச்சையம்மா வரும் நாளில்தான் தெரியவரும்.

"தானா கெடல டாக்டர்," என்றேன். "பழைய ஸ்டிக்கர நான்தான் உரிச்சேன்."

"இது ஒண்ணு மட்டுமா?"

"இல்லைங்க. மூணு அலமாரி."

அவர் முகம் வெளுத்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அத நாளைக்குப் பாப்போம். இன்னிக்கு இந்தம்மா ஒருத்தங்கதான். அவங்க கையில குடுத்த சிடி எங்க இருக்குன்னு கேளுங்க," என்றார்.

முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த இளம் டாக்டர் சொன்ன அந்த மூன்று வாக்கியம்தான். தவறு பெரிதாக இருக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றும். எதிரே படுத்திருக்கும் ஒருவரை மறந்துவிடுவோம்.

வார்டில் பச்சையம்மா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய படம் எங்களிடம் கெட்டுவிட்டது, அவரிடம் கொடுத்தது வேண்டும் என்றேன். யாரால் கெட்டது என்று அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் யோசித்தார்.

"அந்த வட்டத் தட்டா? வூட்டுலதான் இருக்கும். மருமவ எங்க வச்சிருக்காளோ. தூக்கிப் போட்டாலும் போட்டிருப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அது கிடைச்சா அறுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

தெரியாது, ஆனால் கிடைத்தால் சரியாக முடிவு செய்ய முடியும் என்றேன். பொய்யான ஆறுதலைச் சொல்லாதது அன்று நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம்.

ஜெரோமின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டும்போது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. கனகசெட்டிக்குளத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பச்சையம்மாவின் மருமகள் ரேவதி வாசலில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து வருகிறோம் என்றதும் அவள் கை நின்றுவிட்டது. மாமியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

சமையல் மூலையில் குடிதண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதன் வாயை மூடியிருந்தது எங்கள் சிடி.

"பல்லி வுழுந்துடும்னு மூடி வச்சேங்க்கா. தப்பா?" என்றாள். அபராதம் கட்டச் சொல்லப்போகிறேன் என்று பயந்தாளாம், பின்னால் சொன்னாள்.

இரண்டு வருடம், தினம் எத்தனையோ தடவை, எவர்சில்வர் சொம்பின் விளிம்பில் உரசியிருக்கிறது. அடிப்பக்கத்தில் பளபளப்பு என்பதே இல்லை. உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு. விரலால் தொட்டால் நறநறவென்று மணல். என் அலமாரியில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கமாட்டேன். வந்தது வீண் என்றே நினைத்தேன். பிறகு திருப்பினேன்.

மேல்பக்கத்தில் எங்கள் ஊழியர் மார்க்கர் பேனாவால் எழுதிய பச்சையம்மாவின் பெயர் அப்படியே இருந்தது. நோயாளிக்குக் கொடுக்கும் பிரதிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அது அலமாரிக்கு மட்டும். வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். எங்கும் ஓட்டை இல்லை. வெளிச்சம் ஒரு புள்ளிகூட உள்ளே வரவில்லை.

முந்தானையால் துடைக்கக் கை போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன். மணல் இருக்கும்போது துடைத்தால் அது துடைப்பதல்ல, அரைப்பது. அப்படியே கொண்டுபோவோம் என்று, கையோடு எடுத்துவந்த பிளாஸ்டிக் சிடிப் பெட்டியைத் திறந்தேன். அதன் நடுவில் கவ்விப் பிடிக்கும் பற்களில் சிடியைப் பொருத்தி அழுத்தப்போன சமயத்தில், நடு ஓட்டையின் ஓரத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு வெளிநோக்கி ஓடுவது வெயிலில் மின்னியது. கீறல் என்று நினைத்து நகத்தால் தடவினேன். கீறல் இல்லை, விரிசல். படம் பதிந்த இடம் தொடங்குவதற்கு அரை விரற்கடை முன்னால் நின்றிருந்தது. நான் அழுத்தியிருந்தால் அங்கேயே இரண்டாகப் போயிருக்கும்.

பச்சையம்மாவின் இரண்டு பிரதியையும் நானே கெடுத்திருப்பேன். அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரேவதி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளிடம் அகலமான எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி, அடியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் சிடியை அழுத்தாமல் வைத்தேன். வரும் வழியெல்லாம் டப்பா என் மடியில் இருந்தது. பள்ளம் வந்தால் ஜெரோம் ஸ்கூட்டரை நடக்கும் வேகத்துக்குக் குறைத்தார்.

அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. வந்ததும் எங்களுக்குள் சண்டை. நேரம் இல்லை, கழுவிவிட்டு உடனே போட்டுப் பார்ப்போம் என்றார் ஜெரோம். அவரிடம் அந்த மாதம்தான் வாங்கிய, சிடியை வேகமாகப் படிக்கும் டிரைவ் ஒன்று இருந்தது. எந்தக் கெட்ட சிடியையும் அது படித்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. நான் விரிசலைக் காட்டினேன். சின்ன விரிசல்தானே என்றார். அது எவ்வளவு வேகத்தில் சுற்றும் என்று கேட்டேன். டிரைவை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். விரிசல் விட்ட ஒன்றை அந்த வேகத்தில் சுழற்றினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் அவரும் யோசித்தார் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கர் உரித்தபோது கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டவள் நான். மறுபடி அதே தவறைச் செய்யப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கழித்துக்கட்டி ஸ்டோரில் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரின் நினைவு அவருக்கு வந்தது. அதிலிருந்த டிரைவ் ஆமை வேகம் என்றுதான் அதை ஒதுக்கியிருந்தோம். அதைத் தூக்கிவந்து தூசி தட்டி ஓடவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நான் சிடியைத் தண்ணீரில் அலசி மணலைப் போக்கினேன். மெத்தென்ற துணியில் கிடத்தி, ஈரப் பஞ்சில் வெள்ளைப் பற்பசையைத் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் தேய்த்தேன். வட்டமாகத் தேய்க்கக்கூடாது என்பது எனக்கு முன்பே தெரியும். கீழ்ப்பக்கத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்தானே நான். பிளாஸ்டிக்கில் விழும் கீறலைத் தேய்த்து எடுக்கலாம். உரிந்துபோன வெள்ளியை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

நாலு மணிக்குப் போட்டோம். சுழன்றது. நின்றது. எடுத்து மறுபடி தேய்த்தேன். இரண்டாவது முறை அது படிக்கத் தொடங்கியது. நடுநடுவே திணறி நிற்கும். விட்டுவிட்டுப் படங்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்தன. சில வரவேயில்லை. வலது நுரையீரல் வந்தது.

டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். எழுந்து திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். அளந்தார். மறுபடி அளந்தார்.

"அப்பவே இருக்கு," என்றார். "இதே அளவுதான்."

அறுவை டாக்டருக்குப் போன் செய்தபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பெண்ணின் நுரையீரலில் ஒரு பகுதியை, என் சுத்தம் செய்யும் ஆசைக்காக, நாளைக் காலை வெட்டி எடுத்திருப்பார்கள். எடுத்ததற்கு நான்தான் காரணம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும்கூட. அந்த நினைப்பு மட்டும்தான் இருந்தது.

வார்டுக்குப் போய் நானே சொன்னேன். அறுவை இல்லை, இருமலுக்கு மருந்து கொடுத்துக் கவனிப்பார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து படம் எடுத்தால் போதும் என்று. கூடவே மற்றதையும் சொன்னேன். எங்களிடமிருந்த சிடி என் கையால்தான் கெட்டது என்று. பச்சையம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டார். இரண்டாவது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை போலிருக்கிறது.

"அப்ப ராவுக்கு நான் சாப்பிடலாமா?" என்றார்.

சில நாள் கழித்து ஜெரோம், விரிசல் விட்ட வேறொரு வீணான சிடியைத் தேடிப்பிடித்து, தன் வேகமான டிரைவில் போட்டுப் பார்த்தார். முதலில் ஊளையிடுகிற மாதிரி சத்தம். அடுத்து பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், டிரைவின் கதவு பிய்த்துக்கொண்டு வந்து விழுந்தது. உள்ளே ஊசி ஊசியாகத் துண்டுகள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உங்கள் அறையில் விரிசல் விட்ட சிடிக்கென்று தனிப்பெட்டி வைத்திருக்கிறீர்களே, அது ஏன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். இதனால்தான்.

மூன்று அலமாரியிலும் இருந்ததை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தப்பியவற்றை உடனே வேறு இடத்தில் நகல் எடுத்தோம். செத்தவற்றுக்குப் பட்டியல் போட்டேன். மூன்று முழுத்தாள் வந்தது. நிர்வாகம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. டாக்டர் எனக்காகப் பேசினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அவரே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் நானே அழைத்து, நடந்ததைச் சொல்லி, அவர்கள் கையில் இருக்கும் பிரதியைக் கொண்டுவந்தால் நகல் எடுத்துத் தருகிறோம் என்று சொல்ல வேண்டும். கடிதம் போடக் கூடாது, அழைக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கோபப்படவில்லை. அப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே பலருக்கு நினைவில்லை. ஒருவர் சத்தம் போட்டார். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இரண்டாம் தாளின் நடுவில் ஒரு சிறுமியின் பெயர். ஒன்பது வயது, இதயத்துக்கு எடுத்த எக்கோ படம். அவளுடைய அப்பா போனை எடுத்தார். நான் மற்றவர்களிடம் சொன்னதையே வரிசையாகச் சொன்னேன். முடித்த பிறகும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

"பாப்பா போன வருசமே போயிட்டாம்மா," என்றார்.

அவரே மெதுவாகப் பேசினார். அவர்களிடம் கொடுத்த சிடியை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டார்களாம், திரும்ப வரவில்லையாம். எங்களிடம் ஒன்று இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமாம்.

"அதுல அவ நெஞ்சு துடிக்கிறது தெரியும் இல்ல? அன்னிக்கு டாக்டரு காட்டுனாரு."

"தெரியுங்க," என்றேன்.

"என்னிக்காச்சும் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போவலாம்னு இருந்தேன். வர மனசு வரல." பிறகு, "இனிமே அது இல்லதானே?" என்று கேட்டார்.

"இல்லைங்க. என்னாலதான் போச்சு."

"சரிம்மா," என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. தெருவில் ஏதோ ஒரு வண்டி போகும் சத்தம் அவர் பக்கத்திலிருந்து கேட்டது. கடைசியில் அவர்தான் வைத்தார்.

டாக்டர் கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. உள்ளே வந்து என் முன்னால் இருந்த பட்டியலைப் பார்த்தார். மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்தச் சிறுமியின் பெயருக்கு நேராக என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். பிறகு அடுத்த பெயருக்கான எண்ணை அழுத்தினேன்.